விக்ராந்தின் கொதிகலங் காத்தவர்

(திண்டிவனத்திற் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘வீரரும் விருதும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குப் பணித்தார்கள். யாம் எடுத்துக்கொண்டது ஒரு கடற்படை எஞ்சினீயரின் வரலாறு. இதனைக் கேள்வியுற்ற பெரியார் ஒருவர், “அவர் நம்மவரா?” என்று வினவினார். அல்லர். அவர் வங்காளத்தவர், பெயர் வினய் ராய் சௌத்ரி. “நம் சங்கத்திதழில் வெளிவரவேண்டிய பேச்சிற்கு நம்மவர் ஒருவர் அகப்படவில்லையா?” என்று அப்பெரியார் மீண்டும் கேட்டார். அவ்வினாவிற்கு விடை இச்சொற்பொழிவின் பிற்பகுதியில் வரும். அதுகாறும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

முதற்கண் எம் குற்றம் ஒன்றனைக் கூறிவிடுதல் நன்று. சில்லாண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற பையன் ஒருவன் இலக்கண வகுப்பில் தூங்கிவிட்டான். யாம் அவனை எழுப்பி, “நீ அரிசி ஆலையில் உமி தள்ளத்தான் போகிறாய்” என்று வகுப்பறிய வைதோம். அவன் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்று, இன்று ஓர் ஆலையின் கொதிகலத்தைப் பொறுப்பேற்று நடத்துகின்றான். எம் வாய்ச்சொல் ஒருவகையிற் பலித்தது. ஆனால் யாம் வசையாகச் சொன்னது அவனுக்குத் தொழிலாகவும் அத்தொழில் அவன் குடும்பத்துக்குச் சோறாகவும் ஆயிற்று. இப்பேச்சினுள் வரும் கொதிகல நுணுக்கங்களை எமக்கு விளக்கியவன் அவனே. நன்னூல் கற்பித்த ஆசிரியனுக்கு நீராவி கற்பித்த மாணாக்கன் அவன்.

இனிக் கதைக்கு வருவோம்.

இந்தியக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ என்பது. பிரிட்டிஷார் இரண்டாம் உலகப் போரின்போது ‘ஹெர்குலிஸ்’ என்னும் பெயரால் 1943-இற் கட்டத் தொடங்கி, 1945-இல் நீரில் இறக்கி, போர் முடிந்தமையின் வேலையை நிறுத்திப் போட்டிருந்த கப்பல் அது. 1957-இல் இந்திய அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கிற்று. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் எஞ்சிய வேலை முடிந்து, 1961 மார்ச்சு 4-ஆம் நாள் நம் கடற்படையிற் சேர்ந்தது. நீளம் 700 அடி. 700 அடி என்றால், ஒரு முனையில் நின்று அழைப்பவன் குரல் மறுமுனையில் நிற்பவன் செவிக்கு எட்டாது. முழுப் பாரத்தோடு ஏறத்தாழ 19,500 டன். ‘சீஹாக்’ என்னும் போர் விமானங்களும் ‘அலீஸே’ என்னும் நீர்மூழ்கி வேட்டை விமானங்களும் அதன் மேல்தளத்தினின்றும் எழும்.

இவ்வளவு பெரிய இரும்புமலையை இயக்கியவை நான்கு கொதிகலங்கள். அவை எழுப்பும் நீராவி இரண்டு சுழலிகளைச் சுழற்ற, 40,000 குதிரைத் திறன் பிறந்து, கப்பல் மணிக்கு ஏறத்தாழ 25 கடல் மைல் ஓடும். கடல் மைல் ஒன்று நம் கிலோமீட்டர்க் கணக்கில் 1.85 ஆகும்.

கொதிகலம் என்பது இவ்வூரார்க்குப் புதிய பொருளன்று. விழுப்புரம் சந்திப்பில், மீட்டர் கேஜ் பாதை இருந்த காலத்தில், சென்னையினின்றும் மின்சார எஞ்சின் இழுத்துவந்த வண்டியை நிறுத்தி, அதனைக் கழற்றி, தெற்கே செல்லும் பொருட்டு நீராவி எஞ்சினைப் பூட்டுவார்கள். யாம் சிறுவராயிருந்தபோது தந்தையாரின் கைப்பிடித்து நின்று அக்காட்சியைக் கண்டிருக்கின்றோம். நெருப்புவாய் திறக்கும்போது கரி தள்ளுவோர் முகம் செம்பு போல் ஒளிரும். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையிலும் கொதிகலம் உண்டு. நெல் அவிக்கும் அரிசி ஆலைகளில் உமி எரித்து நீராவி எடுப்பதை நீங்கள் நாடோறும் காண்கின்றீர்கள்.

ஆனால் அளவு வேறு. அந்நாளில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ‘ஒய்.பி.’ வகை எஞ்சினின் கொதிகல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. விக்ராந்தின் கொதிகலங்களோ அதனினும் ஏறக்குறைய இருமடங்கு அழுத்தத்தைத் தாங்கி நின்றன. அவை மூன்று உருளைகளால் ஆனவை. மேலே ஒன்று நீராவி உருளை; கீழே இரண்டு நீருருளைகள்; இடையே எண்ணற்ற குழாய்கள். எண்ணெய்த் தீ குழாய்களைச் சுட, நீர் கீழிருந்து மேலேறி ஆவியாகும். அவ்வழுத்தத்தில் உள்ளிருக்கும் நீர் இருநூறு பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் நீராகவே நிற்கும். அழுத்தம் அதனை அடக்கி வைத்திருக்கின்றது. உருளை ஓரிடத்தில் வாய்திறந்தால் அடக்குவதற்கு ஒன்றுமில்லை. நீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பாயும். நீர் ஆவியாகுங்கால் ஆயிரத்தறுநூறு மடங்கிற்கு மேல் விரியும் என்பர். அவ்வறையில் நிற்பவர் கதி கூற வேண்டுவதில்லை.

1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம், விக்ராந்த் பம்பாய்க் கடற்படைத் துறையில் இருந்தபோது, கொதிகலங்களின் நீருருளைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டிருத்தல் புலப்பட்டது. பற்றவைத்து அடைக்கத் தக்க விரிசல்கள் அல்ல அவை. புதிய உருளைகள் உள்நாட்டிற் கிடையா, பிரிட்டனுக்கு எழுதினார்கள். அவை வந்து சேரும்வரை கொதிகலங்களில் தீ மூட்டலாகாது என்று தலைமையகம் கட்டளையிட்டது. பல மாதங்கள் கப்பல் வாளாநின்றது.

இதனை எம் மாணாக்கனிடம் சொல்லி, “நீ என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டோம். அவன் சிரித்தான். “ஐயா, விரிசல் கண்ட டிரம்மை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டச் சொன்னால், அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அதுதான் சட்டம்” என்றான். அவன் கூற்று மெய்யே. 1923-ஆம் ஆண்டின் கொதிகலச் சட்டந் தொட்டு, சோதனையிற் தேறாத கொதிகலத்தை இயக்குதல் குற்றமாகும். அமைதிக் காலத்தில் அறிவுடைய எவனும் அவ்வாறே செய்வான்.

ஆயின் 1971 அமைதிக் காலமன்று. கீழ்வங்கத்தினின்றும் மக்கள் திரள்திரளாக எல்லை கடந்து வந்தனர், போர் நெருங்கிற்று. இக்கப்பலுக்கு மற்றொரு பழியும் இருந்தது. 1965-ஆம் ஆண்டுப் போரின்போது அது பழுது பார்க்கும் துறையிற் கிடந்தமையின், கடலில் இறங்கவில்லை. மறுமுறையும் போர்க்காலத்திற் கரையிலேயே நின்றால், வீண்செலவுக்கு வாங்கிய வெள்ளை யானை என்று நாடு எள்ளும் என்னும் அச்சம் கடற்படைத் தலைமையில் இருந்தது. அந்நாளிற் கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் நந்தா. விக்ராந்த் போரிற் கலத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். எங்ஙனம்? புதிய உருளைகள் வந்தபாடில்லை. ஆகவே கொதிகல அழுத்தத்தை 400 பவுண்டாகக் குறைத்து, கப்பலின் வேகத்தையும் மணிக்கு 14 கடல் மைல் அளவிற்கு வரையறுத்து, பழைய உருளைகளையே கொண்டு ஓட்டுவது என்று முடிவாயிற்று. 1971 மார்ச்சு முதல் நாள் மீண்டும் தீ மூட்டினார்கள்.

தீர்மானம் செய்தோர் மேசையில் அமர்ந்திருந்தனர். தீ மூட்டியோர் கொதிகல அறையில் நின்றனர். அவ்வறைக்குப் பொறுப்பாளராக, கப்பலின் எஞ்சினீயர் அதிகாரியாக இருந்தவரே கமாண்டர் வினய் ராய் சௌத்ரி.

அவர் செய்தது யாது? நான்கு கொதிகலங்களுள் ஒன்று பயன்படாது நின்றது, எஞ்சியவையும் நம்பத்தக்கனவல்ல. அவர் கொதிகலத்தைச் சுற்றி எஃகுப் பட்டைகளை இறுகப் பூட்டினார். நம்மூர்க் கொல்லன் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டுவது போன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேறுபாடு யாதெனின், வண்டிச் சக்கரம் வெடித்து ஆளைக் கொல்வதில்லை. பின்னர், ஆட்கள் கொதிகலத்தின் அருகே நில்லாமல் எட்ட நின்றே அதன் நிலையை நோக்குதற்கு ஏற்பாடு செய்தார். பட்டை பூட்டியது கப்பலைக் காக்க. எட்ட நின்று நோக்கச் செய்தது ஆளைக் காக்க. இவ்விரண்டனுள் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது பின்னையது. ஓர் அதிகாரி தம் கீழ்ப் பணிபுரிவோரை அபாயத்தில் நிறுத்துவது எளிது. அபாயத்தைக் குறைத்து நிறுத்துவது அரிது. துறைமுகத்துக்குத் திரும்பிச் செய்யவேண்டிய பழுதுகளையும் கிடைத்த பொருள்களைக் கொண்டு நடுக்கடலிலேயே செய்து முடித்தார் என்று அவர் விருதுக் குறிப்பு கூறும்.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். இல்லையேல் கொதிகலத்தின் அருமை முழுவதும் விளங்காது. விமானந்தாங்கிக் கப்பலில் நீராவிக்கு இரண்டு வேலை. கப்பலைச் செலுத்துவது ஒன்று. மற்றொன்று, விமானத்தை எறிவது. மேல்தளம் குறுகியதாகலின் விமானம் தானே ஓடி எழ இடம் போதாது. ஆகவே நீராவியால் இயங்கும் கவண் ஒன்று தளத்திற் பதிக்கப்பட்டிருக்கும். அது விமானத்தைக் கவண்கல்லைப் போல் முன்னே எறியும். எறியுங்கால் எதிர்காற்று வேண்டும். காற்றில்லா நாளில் கப்பல் தன் வேகத்தாலேயே காற்றைப் படைத்துக்கொள்ளும். 25 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு இஃதெளிது. 14 கடல் மைல் ஓடும் கப்பலுக்கோ, வங்கக் கடலில் டிசம்பர் மாதத்துக் காற்றின் தயவும் வேண்டும். எனவே கொதிகலத்தில் ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தாலும் மேலே விமானியின் உயிர் ஊசலாடும். மேல்தளத்து வீரமும் அடித்தளத்து வீரமும் ஒரே குழாயின் இரு முனைகள்.

1971 ஜூலையில் விக்ராந்த் பம்பாயை விட்டுப் புறப்பட்டுக் கொச்சி வழியாகக் கீழ்க்கடலுக்கு வந்தது. காப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் அதன் தலைவரானார். கீழ்க்கடற்படைப் பகுதிக்குத் தலைவராக விசாகப்பட்டினத்தில் இருந்தவர், நாகர்கோவிலிற் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் இரண்டாம் உலகப் போரிலேயே பிரிட்டிஷ் அரசின் வீரப் பதக்கம் பெற்றவர். நவம்பர் நடுவில் விக்ராந்தும் துணைக்கப்பல்களும் அந்தமான் தீவுகளின் மறைவிடத்துக்குச் சென்றன. பாகிஸ்தானின் ‘காஸி’ என்னும் நீர்மூழ்கி விக்ராந்தைக் கொல்லுதற்கென்றே கராச்சியினின்றும் இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுட் புகுந்தது. விக்ராந்த் இன்னும் விசாகப்பட்டினத்தின் அண்மையில் இருப்பதாகத் தோன்றும்படி, ‘ராஜ்புத்’ என்னும் பழைய கப்பலைக் கொண்டு பொய்ச் செய்திகளை அனுப்பச் செய்தார் கிருஷ்ணன். டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அந்நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிற்று.

மறுநாள், டிசம்பர் 4-ஆம் நாள், விக்ராந்தின் சீஹாக் விமானங்கள் எட்டு எழுந்து காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின. அன்றே சிட்டகாங் துறைமுகமும் தாக்குண்டது. அதன்பின் குல்னா, மோங்லா முதலிய இடங்களும். டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கீழ்வங்கக் கடல்வழி அடைபட்டே இருந்தது. அத்தனை நாளும் பட்டை பூட்டிய கொதிகலங்கள் வெடிக்கவில்லை. இஃதொரு செய்தியாக எந்தச் செய்தித்தாளிலும் வரமாட்டாது. வெடித்தால் வரும். வெடியாமை யாருக்குச் செய்தி?

இனி விருதுக்கு வருவோம்.

விக்ராந்தின் மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் 2 மகாவீரச் சக்கரங்களும் 12 வீரச் சக்கரங்களும் கிடைத்தன. மகாவீரச் சக்கரம் பெற்றோருள் ஒருவர் கப்பல் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷ்; மற்றவர் விமானிகளை நடத்திச் சென்ற லெப்டினென்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. வீரச் சக்கரம் பெற்றோருள் ஒருவர் கமாண்டர் ராய் சௌத்ரி.

வீரச் சக்கரம் என்பது 1950 ஜனவரி 26-இல் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுமாறு வகுக்கப்பட்ட விருது. வெள்ளியாலாய வட்டம், ஐமுனை விண்மீன், அதன் நடுவே சக்கரம், அச்சக்கரத்துள் பொன்முலாம் பூசிய அரசு முத்திரை. பின்புறத்தில் பெயரும் இரு தாமரைகளும். நாடா பாதி கருநீலம், பாதி காவி. நிலத்திலோ கடலிலோ வானிலோ ‘பகைவன் முன்னிலையில்’ காட்டிய வீரத்துக்கே அது வழங்கப்பெறும். இச்சொற்றொடரை ஊன்றி நோக்குக. கொதிகல அறையிற் பகைவன் எங்கே? அங்கே சாளரமும் இல்லை, வானமும் தெரியாது. ஆயினும் கடலடியில் டார்ப்பிடோ ஏவினால் அது முதலில் துளைப்பது நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பகுதியையே. அதே டிசம்பர் 9-ஆம் நாள் இரவு தியூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்னும் நம் கப்பல் டார்ப்பிடோவால் மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அடித்தளத்தில் நிற்பவன் பகைவனைக் காணமாட்டான். பகைவன் எய்த அம்பு அவனைக் காணும். வெளியே அது, உள்ளே விரிசல் கண்ட உருளை. ‘பகைவன் முன்னிலை’ என்பதற்கு விருதுக் குழுவினர் கண்ட பொருள் சாலப் பொருத்தமே என்பது எம் துணிபு.

எஞ்சினீயர் கிளையிலிருந்து வீரச் சக்கரம் பெற்றவர் அரிதினும் அரியர். காரணம் உண்டு. கடற்படையில் எஞ்சினீயரின் நிலை தொன்றுதொட்டே சற்றுத் தாழ்ந்தது. பாய்மரக் காலத்தில் காற்றை அறிந்தவனே கப்பலுக்கு அரசன். நீராவி வந்தபின், கரியும் எண்ணெயுமாய்க் கீழே நின்றவனை மேல்தளத்தார் தம்மோடு ஒப்ப மதியாராயினர். பிரிட்டிஷ் கடற்படையில் எஞ்சினீயர்களின் கைப்பட்டையில் பொற்கோடுகளின் இடையே ஊதாத் துணி வைத்துத் தைப்பார்கள். தொலைவிலேயே இவன் வேறு கிளையினன் என்று காண்பதற்கு! 1950-களின் நடுவிற்றான் அவ்வழக்கம் ஒழிந்தது. நம் நாட்டில் இன்றுகாறும் கடற்படைத் தலைமைத் தளபதியாக அமர்ந்தோர் அனைவரும் கப்பல் செலுத்தும் எக்சிக்யூட்டிவ் கிளையினரே. இத்தனைக்கும், இந்தியருள் முதன்முதற் கடற்படை அதிகாரியாக 1928-இல் நியமனம் பெற்ற டி. என். முகர்ஜி ஓர் எஞ்சினீயர்! வாயிலைத் திறந்தவன் ஒருவன். அரியணை ஏறியவன் மற்றொருவன்.

ராய் சௌத்ரி பின்னாளில் வைஸ் அட்மிரல் பதவி வரை உயர்ந்தார். ‘அதி விசிஷ்ட சேவா’ பதக்கமும் பெற்றார். இது வீரத்துக்கன்று, நீண்டநாட் சிறந்த பணிக்கு. 1960-இற் சேவைப் பதக்கத்தின் இரண்டாம் வகுப்பாக நிறுவப்பட்டு, 1967-இல் இப்பெயர் பெற்றது. எனவே அவர் மார்பில் இருவகை மதிப்பும் இருந்தன: சில வாரங்கள் காட்டிய துணிவுக்கு ஒன்று, பல்லாண்டுகள் காட்டிய பொறுமைக்கு ஒன்று. இரண்டாவதைப் பெறுவது எளிதென்று எண்ணுவோர் முப்பதாண்டு ஆசிரியப் பணி செய்து பார்க்க.

அமைதிக் காலத்திலும் இக்கிளைகளினர் உயிரீந்ததுண்டு. 2014 பிப்ரவரி 26-ஆம் நாள் ‘சிந்துரத்னா’ நீர்மூழ்கியில் புகை மூண்டபோது, உடனிருந்தோரைக் காத்துத் தாம் மாண்ட லெப்டினென்ட் கமாண்டர் கபீஷ் முவால், லெப்டினென்ட் மனோரஞ்சன் குமார் ஆகிய இருவர்க்கும் சௌரியச் சக்கரம் வழங்கப்பட்டது. அங்கே பகைவனே இல்லை. ஆதலின் விருதின் பெயர் வேறு, துணிவு வேறன்று.

தமிழர்க்கு இஃது புதிதா எனின், இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நடும் முறையைக் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக ஆறு படியாக வகுத்துள்ளது. இஃது யாவரும் அறிந்தது. ஆனால் நம் முன்னோர் வாளேந்தியவனை மட்டுமே போற்றினர் என்பது தவறு. பண்டை வேந்தர் படைத்தலைவனுக்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் அளித்தனர்; வணிகனுக்கு எட்டி என்னும் பட்டமும் பொற்பூவும் அளித்தனர்; உழவிலும் கணக்கிலும் சிறந்தானுக்குக் காவிதி என்னும் பட்டம் அளித்தனர். ஆகவே இன்றைய பதக்கத்துக்கு எட்டிப்பூவே மூதாதை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த சோழ வேந்தன், அதனைக் கட்டிய குஞ்சரமல்லன் என்னும் தச்சனுக்குத் தன் பெயரையே சேர்த்து ‘இராசராசப் பெருந்தச்சன்’ என்று பட்டம் ஈந்து, கல்லிலும் பொறித்தான். உளி பிடித்த கையும் வாள் பிடித்த கையோடு ஒருங்கு நின்றது.

இப்பொழுது பெரியாரின் வினாவிற்கு விடை கூறுகின்றோம். “நம்மவர் அகப்படவில்லையா?” என்றார். அகப்படுவர், ஐயா. ஆனால் அவர்களை நாம் தேடியதில்லை. நம் சங்கத்தின் பரிசுப் பட்டியலை யாம் எடுத்துப் பார்த்தோம். பொதுத்தேர்வில் முதன்மை பெற்றோர்க்குப் பதக்கம் உண்டு. மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றோர்க்கு உண்டு. அரசுத் தேர்வில் தேறிப் பதவி ஏற்றோர்க்குச் சால்வையும் வெள்ளித் தட்டும் உண்டு. இவை வேண்டும், குறை கூறவில்லை. ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்திற் பயின்று, பிட்டராகவும் வெல்டராகவும் கொதிகலம் காப்போராகவும் விளங்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி கூட இல்லை. சென்ற ஆண்டு விழாவில் ஒரு தந்தையார் தம் மகன் பெயரைக் கொடுக்க வந்து, பட்டியலைப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்ததை யாம் கண்டோம். கண்டும் ஒன்றும் கூறாதிருந்தோம். பரிசுக் குழுவில் யாமும் ஓர் அங்கத்தினர் என்பதை மறைத்துப் பயனில்லை. எனவேதான் வேற்று மாகாணத்து எஞ்சினீயர் ஒருவரைத் துணைக்கழைத்து வந்தோம். அவர் பெயரைச் சொல்லித்தான் இதனைச் சொல்ல வாய் எழுந்தது.

ஓரன்பர் இடையிற் கேட்டார், “அவர் பெரிய அதிகாரி, நம் பிள்ளைகள் கைத்தொழிலாளர், ஒப்பாகுமா?” என்று. பதவியில் ஒப்பாகாது. ஆனால் அந்த எஃகுப் பட்டைகளை அதிகாரி ஒருவரே தம் கையால் முடுக்கியிருப்பாரா? அவர் வகுத்தார், பெயரறியாத மாலுமிகள் முடுக்கினர், இரவும் பகலும் தீயின் முன் நின்றனர். கீழ்ப்போர்முனையிற் பணிபுரிந்தார்க்கு என வகுத்த ‘பூர்வி ஸ்டார்’ அவர்கட்கும் கிடைத்தது. நம் பட்டியலில் அவ்வளவாவது இருத்தல் தகும்.

அக்கப்பல் பின்னர் யாதாயிற்று என்று மாணாக்கர் சிலர் கேட்கக்கூடும். 1997 ஜனவரி 31-ஆம் நாள் ஓய்வு பெற்றது. சில்லாண்டுகள் மும்பையிற் காட்சிச்சாலையாக நின்றது. பேணுதற்குப் பணம் இன்மையால், 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதியை உருக்கிச் சேர்த்து, பஜாஜ் கம்பெனியார் 2016-இல் ஒரு மோட்டார் சைக்கிள் வெளியிட்டனர். அவ்வண்டி நம் திண்டிவனத்து வீதிகளிலும் ஓடக் கண்டுள்ளோம். 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் அதே பெயரில் புதிய கப்பல் ஒன்று கடற்படையிற் சேர்ந்தது. நம் நாட்டிலேயே கட்டியது. அதற்கு நீராவிக் கொதிகலம் இல்லை. வாயுச் சுழலிகள் நான்கு அதனை இயக்குகின்றன. இச்செய்தியை எம் மாணாக்கனிடம் கூறியபோது சிறிது நேரம் சும்மா இருந்து, “அப்படியானால் அங்கே வேறு ஏதாவது வெடிக்கும் ஐயா, அதற்கும் ஓராள் கீழே நிற்பான்” என்றான்.

அவைத்தலைவர் அவர்களே, எமக்கு அளித்த நேரம் கடந்துவிட்டது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொணர்ந்திருக்கின்றோம். வரும் ஆண்டு முதல், தொழிற்பயிற்சியிலும் பாலிடெக்னிக்கிலும் தேர்ச்சி பெற்றோர்க்கும், கொதிகலம், மின்சாரம், எஞ்சின் முதலிய அபாயத் தொழில்களிற் பழுதின்றிப் பத்தாண்டு பணியாற்றிய நம் அங்கத்தினர்க்கும் பதக்கம் ஒன்று ஏற்படுத்துதல் வேண்டும் என்பது அதன் சாரம். முதற் பதக்கத்துக்கான செலவை யாமே ஏற்கின்றோம். பின்வரிசையில், மூன்றாவது தூணருகே, வேலை உடையுடன் இரவுமுறை முடித்து நேரே வந்து அமர்ந்திருப்பவரை எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளலாம். அவர் கூச்சமுடையவர் ஆதலின் பெயர் கூறோம். விண்ணப்பத்தைத் தங்கள் மேசைமேல் வைக்கின்றோம். வழிமொழிவார் யார்?